அஞ்சு வருஷம் திறக்காத டேப்!

'ஹெவி மெட்டல்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தோள் தாண்டிய முடி, கறுப்பு டி-ஷர்ட், மண்டை ஓடு டாலர், எதிர் வீட்டுத் தாத்தா கம்ப்ளெயின்ட் பண்ற அளவுக்குச் சத்தம்... கரெக்டா?

சரி, 'ஓஸி ஆஸ்போர்ன்'னு சொன்னதும்? 'மேடையில வவ்வால் தலையைக் கடிச்ச ஆளுதானே!'

அவரேதான். 1982 ஜனவரி. அமெரிக்காவின் டெ மாய்ன் நகரத்துக் கச்சேரியில் ரசிகர் ஒருத்தர் வவ்வாலை மேடையில் வீச, ரப்பர் பொம்மைன்னு நினைச்சு வாயில் வெச்சுட்டார் மனுஷன். அப்புறம் ஆஸ்பத்திரி, ரேபிஸ் ஊசின்னு அவஸ்தைப்பட்டது தனிக்கதை. நாற்பது வருஷத்துக்கும் மேல உலகம் அந்த வவ்வாலைப் பத்தியே பேசிட்டிருக்கு.

அந்த வவ்வாலை ஓரமா வெச்சிடுங்க. அதே டூர், அதே வருஷம். ரெண்டே மாசம் கழிச்சு ஓஸியோட வாழ்க்கையையே புரட்டிப் போட்ட ஒரு காலைப்பொழுது வந்தது. அந்தக் காலைக்கு அப்புறம் ஒரு கச்சேரி டேப் அஞ்சு வருஷம் வெளியே வரவே இல்லை. வந்தப்போ அதன் பெயர், 'ட்ரிப்யூட்'. அஞ்சலி!

1987-ல் வந்த இந்த லைவ் ஆல்பத்தோட அட்டையைப் பாருங்க. ஓஸி, ஒல்லியான ஒரு பையனை மேடையில் அப்படியே தூக்கிப் பிடிச்சிருப்பார். அந்தப் பையன் அந்தரத்துல தொங்கிக்கிட்டே கிட்டார் வாசிச்சிட்டிருப்பான். பாடகரோட ஆல்பம்தான். ஆனா, அட்டையில் ரெண்டு பேர் பெயர் இருக்கும். ஓஸி ஆஸ்போர்ன், ரேண்டி ரோட்ஸ்.

யார் அந்தப் பையன்? கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம்.

ஓசியில் எதுவும் கிடைக்காத ஓஸி!

பெயரைப் பார்த்து நம்ம ஊர் 'ஓசி'ன்னு நினைச்சுடாதீங்க. எதுவுமே அவருக்குச் சும்மா கிடைக்கலை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆஸ்டன் பகுதி. தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பம். 15 வயசுல ஸ்கூலுக்கு குட்பை. கார் ஹாரன்களைச் சரிபார்க்குற வேலை, கசாப்புக் கூடத்து வேலைன்னு எதிலும் நிலைக்கலை. திருட்டு கேஸில் மாட்டி, அபராதம் கட்டக் காசில்லாம ஆறு வாரம் ஜெயில். அப்படிப்பட்ட ஆள்தான் 'பிளாக் சபாத்' குழுவோட குரலா மாறினார். 1970-ல் அவங்க முதல் ஆல்பம் வந்தது. ஹெவி மெட்டல்னு ஒரு வகை பிறந்ததே அதுலதான்னு இன்னிக்கும் சொல்றாங்க.

ஆனா 1979-ல் அதே குழு அவரை வெளியே அனுப்பிடுச்சு. காரணம் குடி, போதை. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ஹோட்டல் அறை, மூடின ஜன்னல், காலி பாட்டில்கள், பீட்சா டப்பாக்கள். அதோட தன் கதை முடிஞ்சுபோச்சுன்னே அவர் நினைச்சிருந்தார். வயசு முப்பது!

அவரை அங்கிருந்து எழுப்பி உட்கார வெச்சவர், பின்னாடி அவருக்கு மனைவியான ஷாரன். எழுந்தவர் புதுசா ஒரு குழு ஆரம்பிக்கணும். அதுக்கு ஒரு கிட்டாரிஸ்ட் வேணுமே?

வார்ம்-அப் பண்ணினார், வேலை கிடைச்சது!

வந்து நின்னவர் ரேண்டி ரோட்ஸ். 1956-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர். அம்மா டெலோரஸ், நார்த் ஹாலிவுட்டில் 'மியூசோனியா'ங்கிற இசைப் பள்ளியை நடத்தினவங்க. ரேண்டி அங்கேயே கத்துக்கிட்டு, அங்கேயே பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். பகலில் வாத்தியார், ராத்திரியில் 'கொயட் ரயட்' குழுவின் கிட்டாரிஸ்ட். அந்தக் குழுவோட முதல் ரெண்டு ஆல்பங்கள் ஜப்பானில் மட்டும்தான் வெளியாச்சு. சொந்த ஊர்க் கடையில் தன் ஆல்பமே கிடைக்காத ஹீரோ!

ஓஸிகிட்ட ஆடிஷனுக்குப் போனப்போ, சின்ன ப்ராக்டீஸ் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணை எடுத்துட்டுப் போனார். கம்பிகளை ட்யூன் பண்ணி, விரலுக்கு வார்ம்-அப்பா ஏதோ கொஞ்சம் வாசிச்சார். அதுக்குள்ளேயே, 'வேலை உனக்குத்தான்'னு தகவல் வந்துடுச்சாம். 'நான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலையே!'ன்னு ரேண்டிக்கே ஆச்சர்யம்.

ரெண்டு பேரும் நேர் எதிர் துருவம். ஒருத்தர் விடிய விடியக் குடிக்கிறவர். இன்னொருத்தர் விடிய விடியப் பயிற்சி பண்றவர். ஒருத்தருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இன்னொருத்தர் வீட்டு மொழியே நொட்டேஷன்தான். ஓஸி ஒரு மெட்டை முணுமுணுத்தா, ரேண்டி பொறுமையா உட்கார்ந்து, அவர் குரலுக்கு எந்த ஸ்ருதி தோதுப்படும்னு தேடித் தேடிக் கண்டுபிடிப்பார். பாட்டை மட்டும் யோசிக்காம, பாடுறவனையும் யோசிக்கிற கிட்டாரிஸ்ட் கிடைக்கிறது லேசுப்பட்ட விஷயமா? தனக்காக அப்படி மெனக்கெட்ட முதல் ஆள் ரேண்டிதான்னு ஓஸி பிற்காலத்தில் சொல்லிக்கிட்டே இருந்தார்.

1980-ல் 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' வந்தது. 'கதை முடிஞ்சுது'ன்னு நினைச்ச மனுஷனுக்குக் கதை ரெண்டாவது தடவை ஆரம்பிச்சது.

க்ளீவ்லேண்ட், 1981 மே 11

'ட்ரிப்யூட்' ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது இந்த ஒரே ராத்திரியில்தான். இடம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் க்ளீவ்லேண்ட் நகரம். மேடையில் ஓஸி, ரேண்டி, பாஸ் கிட்டாரில் ரூடி சார்ஸோ, டிரம்ஸில் டாமி ஆல்ட்ரிட்ஜ், கீபோர்டில் ஒருத்தர். ரேண்டிக்கு அப்போ வயசு 24.

'பிளிஸர்ட்' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தே ரெண்டு மாசம் ஆகலை. இதில் இன்னொரு விசேஷம். அன்னிக்கு வாசிச்ச 'பிலீவர்', 'ஃப்ளையிங் ஹை அகெய்ன்' ரெண்டு பாட்டும் அப்போ எந்தக் கடையிலும் கிடையாது. அதெல்லாம் இருக்கும் 'டைரி ஆஃப் எ மேட்மேன்' ஆல்பம் வந்ததே நவம்பர் மாசம். அதாவது, அந்த அரங்கத்தில் இருந்த கூட்டம் அந்தப் பாட்டுகளை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குது. இன்னிக்கு நமக்கு ஒவ்வொரு நோட்டும் அத்துப்படி. அவங்களுக்கு அடுத்த செகண்ட் என்ன வரும்னே தெரியாது. இதை மனசில் வெச்சுக்கிட்டு அந்த ரெண்டு பாட்டையும் கேட்டுப் பாருங்க... கூட்டத்தோட சத்தமே வேற மாதிரி கேக்கும்.

கடைசியில் வரிசையா மூணு பிளாக் சபாத் பாட்டு வேற. 'ஐயன் மேன்', 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'பாரநாய்ட்'. தன்னை வெளியே அனுப்பின வீட்டோட வாசலில் போய் நின்னு பாடுற மாதிரி ஓஸி பாடுவார்.

மூணு ரேண்டி, ஒரு ரேண்டி

லைவ் ஆல்பம்னா என்ன? 'ஸ்டுடியோவில் பாடினதையே கைதட்டலோட கேக்கிறது'ன்னு நினைச்சா, ஸாரி பாஸ்!

ஸ்டுடியோவில் ரேண்டிக்கு ஒரு பழக்கம். ஒரு சோலோவை வாசிப்பார். அப்புறம் அதே சோலோவை, அதே வளைவு நெளிவோட, இன்னொரு ட்ராக்கில் வாசிப்பார். சில சமயம் மூணாவது தடவையும். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ஒரே கிட்டார் மாதிரி, ஆனா மலை மாதிரி கேக்கும். 'க்ரேஸி ட்ரெய்ன்' சோலோவை ஹெட்போனில் கேட்டா அந்த அடுக்கு தெரியும். ஓஸி குரலையும் அப்படித்தான் ரெண்டு தடவை பாடி அடுக்குவாங்க.

மேடையில்? ஒரே ஒரு ரேண்டி. ரிதம் வாசிக்க ரெண்டாவது கிட்டாரிஸ்ட் கிடையாது. சோலோ ஆரம்பிச்சா, அடியில் தாங்கிப் பிடிக்க பாஸும் டிரம்ஸும்தான். ஒரு நோட்டு வழுக்கினாலும் ஒளிய இடமில்லை. ஸ்டுடியோவில் மூணு பேரா இருந்த வேலையை மேடையில் ஒருத்தனாச் செய்யறப்போ என்னாகும்? இடைவெளியையெல்லாம் நிரப்ப, சின்னச் சின்ன சங்கதிகளைப் புதுசா சேர்க்கிறார். பாடலின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஏதாவது ஒரு குறும்பு! 'மிஸ்டர் க்ரௌலி'யில் இந்த வித்தையை முழுசா அனுபவிக்கலாம்.

'சூசைடு சொல்யூஷன்' பாட்டு நடுவே எல்லாரும் வாத்தியத்தை நிறுத்த, ரேண்டி மட்டும் தனியா வாசிக்கும் இடம் ஒண்ணு வரும். சத்தம், சறுக்கல், கிளாஸிக்கல் பயிற்சி எல்லாம் கலந்த சில நிமிஷங்கள். (பெயரைப் பார்த்து நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட பாட்டு இது. உண்மையில் இது குடி ஒரு மனுஷனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுதுங்கிறதைப் பத்தினது. ஓஸியை மனசில் வெச்சுத்தான் எழுதினதா, வரிகளை எழுதின பாஸ் கிட்டாரிஸ்ட் பாப் டெய்ஸ்லி சொல்லியிருக்கார்.)

லைவ் ஆல்பம்னு பேர் போட்டு, அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போடுறதும் இந்த உலகத்தில் சகஜம். இதுக்கு 'ஓவர்டப்'னு பேர். 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' குழுவோட ஜப்பான் கச்சேரி ஆல்பம் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' 1979-ல் வந்தப்போ, பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்குத் தொண்டை சரியில்லாததால குரலை ஸ்டுடியோவில் மறுபடி பதிவு பண்ணினாங்க. ரசிகர்கள் விடுவாங்களா? 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ'ன்னு பேர் வெச்சுக் கலாய்ச்சுட்டாங்க. அதையும் மீறி அது சூப்பர் ஆல்பம்தான்.

ஆனா 'ட்ரிப்யூட்' ஆல்பத்தைத் தயாரிக்க மேக்ஸ் நார்மன் அந்த டேப்பைத் திறந்தப்போ, ரேண்டியைக் கூப்பிட்டு 'இந்த இடத்தைக் கொஞ்சம் மாத்தி வாசி'ன்னு சொல்ல முடியாது. ஏன்னா...

காலேஜுக்குப் போகணும்!

அந்தக் காலைப்பொழுதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உலகமே கொண்டாட ஆரம்பிச்ச அந்த நேரத்தில் ரேண்டி ரோட்ஸுக்கு இருந்த ஆசை என்ன தெரியுமா? பெரிய கார்? பெரிய பங்களா? ம்ஹூம். காலேஜ்!

டூர் போற ஊர்ல எல்லாம் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கிளாஸிக்கல் கிட்டார் வாத்தியார் யாராவது இருக்காங்களான்னு தேடுவார். ராத்திரி ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி வாசிக்கிறவர், பகலில் முன்பின் தெரியாத வாத்தியார் முன்னாடி மாணவனா உட்கார்ந்து பாடம் கேப்பார். சில சமயம் அந்த வாத்தியாரைவிட இவருக்கே அதிகம் தெரிஞ்சிருக்குமாம்!

ராக் மேடையை விட்டுட்டு, யுனிவர்சிட்டியில் சேர்ந்து டிகிரி வாங்கணும்கிற ஆசையை ஓஸிகிட்டயே சொல்லியிருக்கார். உச்சத்துக்கு ஏறிட்டிருக்கிற ஒருத்தன் ஏன் இறங்கணும்னு ஓஸிக்குப் புரியவே இல்லை. 'உனக்கென்ன கிறுக்கா?'ங்கிற ரேஞ்சுலதான் அவரோட ரியாக்‌ஷன்.

நாம அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்திருக்கும் அந்த பெஞ்சுக்காக, ஒருத்தர் மேடையையே விடத் தயாரா இருந்தார். கொஞ்சம் யோசிக்க வைக்குது இல்லே?

மார்ச் 19

1982 மார்ச் 18. டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் கச்சேரி முடிஞ்சது. அடுத்தது ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ. பஸ் ராத்திரி முழுக்க ஓடுது. வழக்கம்போல ஓஸி கையில் பாட்டில். 'இப்படியே போனா ஒருநாள் நீ செத்துடுவே'ன்னு ரேண்டி சொன்னதா ஓஸி தன் சுயசரிதையில் எழுதியிருக்கார். அவங்க பேசிக்கிட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

விடிஞ்சது. பஸ்ஸைச் சரிபார்க்க ஃப்ளோரிடாவின் லீஸ்பர்க் பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தியிருந்தாங்க. அங்கே ஒரு குட்டி விமான ஓடுதளம், சில சின்ன விமானங்கள். பஸ் டிரைவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். அனுமதி கேக்காம ஒண்ணை எடுத்து, சும்மா ஒரு ரவுண்டு காட்டினார். முதல் ரவுண்டில் ஏறினவங்க பத்திரமா இறங்கினாங்க. ரெண்டாவது ரவுண்டில் குழுவின் உடை, ஒப்பனையைக் கவனிச்ச அம்மாவும், ரேண்டியும் ஏறினாங்க. ரேண்டிக்கு விமானம்னாலே பயம். ஆனாலும் ஏறினார்.

தூங்கிட்டிருந்தவங்களை எழுப்புறதுக்காகவோ என்னவோ, விமானம் பஸ்ஸுக்கு மேல தாழப் பறந்தது. ஒருதரம், ரெண்டுதரம்... கடைசியில் இறக்கை பஸ்ஸில் உரசிடுச்சு. மரத்தில் மோதி, பக்கத்து வீட்டில் விழுந்து, விமானம் எரிஞ்சு போச்சு. மூணு பேருமே காலி. ஓட்டினவர் உடம்பில் கொக்கெய்ன் இருந்ததா பரிசோதனையில் தெரிஞ்சது.

ஓஸியும் ஷாரனும் அந்த பஸ்ஸுக்குள்ளேதான் தூங்கிட்டிருந்தாங்க.

'நீ செத்துடுவே'ன்னு எச்சரிச்ச, குடிக்காம கொள்ளாம வாசிச்சிட்டிருந்த 25 வயசுப் பையன் போயிட்டான். எச்சரிக்கை வாங்கினவர் மிச்சம்.

ரேண்டி இல்லாத லைவ் ஆல்பம்

பதிமூணே நாள் கழிச்சு, ஏப்ரல் 1 அன்னிக்கு, ஓஸி மறுபடி மேடையில் நின்னார். வேற கிட்டாரிஸ்ட். நிறுத்தினா இனி எழுந்திருக்கவே மாட்டார்ங்கிற பயம் ஷாரனுக்கு.

அதே 1982 முடியறதுக்குள்ள ஓஸியோட முதல் முழு நீள லைவ் ஆல்பம் வந்தது. பெயர் 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்'. செப்டம்பரில் நியூயார்க்கின் 'ரிட்ஸ்' அரங்கத்தில் பதிவு பண்ணினது. கிட்டாரில் 'நைட் ரேஞ்சர்' குழுவின் பிராட் கில்லிஸ். ஆச்சர்யம் என்னன்னா, அதில் இருக்கிற எல்லாமே பழைய பிளாக் சபாத் பாட்டு. 'க்ரேஸி ட்ரெய்ன்' இல்லை, 'மிஸ்டர் க்ரௌலி' இல்லை. ரேண்டியோட சேர்ந்து உருவாக்கின ஒரு பாட்டுகூட இல்லை!

இதுக்குப் பின்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். சபாத் பாட்டுகளை மட்டும் வெச்சு லைவ் ஆல்பம் போடுற பேச்சு ரேண்டி இருந்தப்பவே ஆரம்பிச்சாச்சு. ரேண்டிக்கு அதில் கொஞ்சமும் இஷ்டம் இல்லை. தன் சொந்தப் பாட்டுகளால மேலே வந்திட்டிருக்கிறவர், இன்னொருத்தர் பாட்டை ஆல்பம் பூரா வாசிக்கணுமா? அந்தச் சண்டையில் ரெண்டு பேருக்கும் நடுவே விரிசலே விழுந்துச்சுன்னு ரூடி சார்ஸோ தன்னோட 'ஆஃப் தி ரெயில்ஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கார். அதாவது, கடைசி மாசங்களில் இந்த நண்பர்கள் முழு சமாதானத்தில்கூட இல்லை. அதுதான் இந்தக் கதையில் நெஞ்சைக் குத்துற இடம். ஸாரி சொல்லி, சேர்ந்து சிரிச்சு, பழையபடி ஆக நேரம் இருக்குன்னு ரெண்டு பேருமே நினைச்சிருப்பாங்க இல்லையா?

அப்போ க்ளீவ்லேண்ட் டேப்? அது வெளியே வரலை. நல்லா யோசிங்க. ரேண்டி செய்தியில் இருக்கிறார். ரசிகர்கள் அழுதுட்டிருக்காங்க. அந்த நேரத்தில் 'ரேண்டியின் கடைசிக் கச்சேரிகள்'னு ஒரு ஆல்பம் விட்டிருந்தா சுடச்சுட வித்துத் தீர்ந்திருக்கும். வியாபாரம் தெரிஞ்ச யாரும் அதைத்தான் பண்ணுவாங்க. 1983, 84, 85, 86... ஓஸி புது கிட்டாரிஸ்ட்டோட ரெண்டு ஸ்டுடியோ ஆல்பம் போட்டார். டேப் மட்டும் அப்படியே கிடந்தது.

1987-ல்தான் திறந்தாங்க. அட்டையில் ரேண்டியின் படம், ரேண்டியின் பெயர். அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 6-வது இடம் வரைக்கும் போச்சு. அஞ்சு வருஷம் ஆனாலும் யாரும் மறக்கலை!

டேப்பை மாத்தினா என்னாகும்?

பதிவான இசையில் கைவெச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் இதே ஓஸி வாழ்க்கையில் ஓர் உதாரணம் இருக்கு. 'பிளிஸர்ட்', 'டைரி' ரெண்டுலயும் பாஸ், டிரம்ஸ் வாசிச்ச பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும் பங்குத் தொகைக்காக கோர்ட்டுக்குப் போனாங்க. 'டைரி' ஆல்பத்தில் அவங்க வாசிச்சிருக்க, அட்டையில் பின்னாடி சேர்ந்தவங்க பேரைப் போட்டதில் ஆரம்பிச்ச வருத்தம் அது. 2002-ல் அந்த ரெண்டு ஆல்பத்தையும் மறுபடி வெளியிட்டப்போ, அவங்க வாசிச்சதை அழிச்சுட்டு வேற ஆட்களை வெச்சு வாசிக்க வெச்சாங்க. ரேண்டியோட கிட்டார் பழசு, கீழே தாளம் புதுசு!

ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க. ரேண்டி கேட்டு, ரேண்டி கூடவே வாசிச்ச அந்த டிரம்ஸ் எங்கே? 2011-ல் பழைய பதிவையே திருப்பிக் கொண்டுவந்தாங்க. இசைங்கிறது தனித்தனி ட்ராக் இல்லை, ஒரே அறையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாசிச்ச நேரம்னு அப்போதான் எல்லாருக்கும் உறைச்சது.

'ட்ரிப்யூட்'ல டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் இருக்காங்க. 'குட்பை டு ரொமான்ஸ்', 'நோ போன் மூவிஸ்' ரெண்டு பாட்டும் 1980 இங்கிலாந்து டூரில் பதிவானது. அதில் வாசிச்சது அவங்கதான்.

கடைசி ட்ராக்

14 பாட்டு இருக்கிற ஆல்பம் இது. 13 பாட்டும் கூட்டம், கத்தல், கைதட்டல். கடைசி ட்ராக் மட்டும் அப்படி இல்லை. பெயர், 'டீ'. அம்மா டெலோரஸுக்காக ரேண்டி எழுதின சின்ன கிட்டார் இசை. 'பிளிஸர்ட்' ஆல்பத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவா, துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருக்கும்.

'ட்ரிப்யூட்'ல இருக்கிறது அந்தச் சுத்தமான வடிவம் இல்லை. அதைப் பதிவு பண்றப்போ பாதியில் நின்னுபோன முயற்சிகள்! வாசிக்கிறார். விரல் வழுக்குது. நிறுத்துறார். ஏதோ பேசுறார். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறார். திரும்ப நிறுத்துறார்.

யோசிச்சுப் பாருங்க. உலகத்தின் மிகச் சிறந்த கிட்டாரிஸ்ட்களில் ஒருத்தர்னு சொல்லி அஞ்சலி செலுத்துற ஆல்பம். அதை எப்படி முடிக்கலாம்? பயங்கரமான ஒரு சோலோ, பட்டாசுக் கைதட்டல்னு முடிச்சிருக்கலாம். அவங்க முடிச்சது, அவர் தப்பு பண்றதோட. கிட்டார் மேதையை எந்த ஆல்பத்திலும் கேக்கலாம். தப்பு பண்ணி, பேசி, மறுபடி முயற்சி பண்ற ரேண்டியை இங்கே மட்டும்தான் கேக்க முடியும். பிரிஞ்சு போன ஒருத்தரை நினைச்சா, அவங்க வாங்கின கப்பா நமக்கு ஞாபகம் வருது? அவங்க குரல், அவங்க சொதப்பல், அவங்க 'ஒன் மோர் டைம்' சொல்ற விதம்... அதுதானே?

லைவ் ஆல்பத்தோட மொத்த அர்த்தமும் எனக்கு அந்தக் கடைசி ட்ராக்கில்தான் புரிஞ்சது. 'இப்படி வாசிக்கணும்'னு காட்டுறது ஸ்டுடியோ ஆல்பம். 'அன்னிக்கு இவன் இங்கே இருந்தான்'னு காட்டுறது லைவ் ஆல்பம்.

மறுபடியும் க்ளீவ்லேண்ட்

ரேண்டி வாசிச்சு முடிச்ச அதே க்ளீவ்லேண்டில்தான் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கு. 2021 அக்டோபரில் அந்த ஊரில் நடந்த விழாவில் ரேண்டி ரோட்ஸுக்கு இடம் கொடுத்தாங்க. 1981 கச்சேரிக்கு அப்புறம் சரியா 40 வருஷம். மகனுக்காக இசைப்பள்ளியைக் கடைசிவரை காப்பாத்தின அம்மா டெலோரஸ் அதைப் பார்க்க இல்லை. 2015-லேயே மறைஞ்சுட்டாங்க. 2024-ல் ஓஸிக்குத் தனிப் பாடகரா அதே கௌரவம், அதே ஊரில். அப்போ அவரால நிக்க முடியலை. பார்க்கின்சன் நோய் இருக்குன்னு 2020-லேயே சொல்லியிருந்தார்.

2025 ஜூலை 5. பர்மிங்ஹாமின் வில்லா பார்க் ஸ்டேடியம். ஓஸி பிறந்து வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே. கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே கடைசியா ஒருதரம் பாடினார். பிளாக் சபாத் நண்பர்களோட சேர்றதுக்கு முன்னாடி, தன் சொந்தப் பாட்டில் அஞ்சைத் தேர்ந்தெடுத்திருந்தார். அரை நூற்றாண்டில் எத்தனையோ பாட்டு, எத்தனையோ கிட்டாரிஸ்ட். அந்த அஞ்சில் நாலு என்ன தெரியுமா? 'ஐ டோன்ட் நோ', 'மிஸ்டர் க்ரௌலி', 'சூசைடு சொல்யூஷன்', 'க்ரேஸி ட்ரெய்ன்'. நாலுமே ரேண்டி வாசிச்சது. நாலுமே 'ட்ரிப்யூட்'ல இருக்கு.

பதினேழு நாள் கழிச்சு, ஜூலை 22 அன்னிக்கு, 76 வயசில் ஓஸி கண்ணை மூடினார். 'நீ செத்துடுவே'ன்னு எச்சரிச்சவனைவிட 43 வருஷம் கூடுதலா வாழ்ந்து, கடைசி மேடையிலும் அவன் பாட்டைத்தான் பாடிட்டுப் போனார்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. ஹெட்போன் மாட்டிட்டு, முதல்ல ஸ்டுடியோ 'க்ரேஸி ட்ரெய்ன்' கேளுங்க. அப்புறம் 'ட்ரிப்யூட்'ல இருக்கிற 'க்ரேஸி ட்ரெய்ன்'. மூணு ரேண்டி எப்படி ஒரு ரேண்டி ஆகிறார்னு கவனியுங்க. கடைசியா லைட்டை அணைச்சுட்டு, அந்த 'டீ'.

கேட்டு முடிச்சதும், ரொம்ப நாளா பேசாம சண்டை போட்டுட்டிருக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, ஒரு போன் போடுங்க. விடியற வரைக்கும் தள்ளிப்போடாதீங்க!